கல் ஆபீசுக்கு நான் அடித்த வெள்ளை

அண்ணே,

பக்கத்து வீட்டில் பொங்கலுக்குச் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் விட்டதும் அது கொதகொதவென்று கொதித்து, அந்தச் சூட்டு வாசனை சுவர் தாண்டி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பேத்தியின் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போனவருக்கு எந்த விலாசத்தில் போடுவது? திருச்சியில் இருக்கும் உங்கள் மகள் ஜைனம்பு பெயருக்குத்தான் போடப்போகிறேன். அவள் படித்தால் நீங்கள் படித்த மாதிரி.

முதலில் பிள்ளைகள் சேதி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் அதைத்தானே கேட்பீர்கள். மூத்த பேரன் முருகேசன் மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருஷம், இங்கிலீஷ் பாடம். பேச்சுப் போட்டியில் இங்கிலீஷிலேயே பேசி ஒரு வெள்ளிக் கப் வாங்கி வந்தான். வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அரிசிப் பானைக்கு மேலே வைத்திருக்கிறேன். செல்வராணி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தாயிற்று. நம் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பொம்பளைப் பிள்ளை அவள்தான். பாண்டி ஓட்டப் பந்தயத்தில் ஜில்லாவில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவனுக்குக் கால் நீளம், அது அவன் குற்றமில்லை. ஒட்டன்சத்திரத்து மகள் வீட்டுக் குட்டி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை, தெருவில் போகிற காய்கறி லாரி நம்பரையெல்லாம் வாசிக்கிறாளாம்.

இதையெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த முருகேசனுடைய இங்கிலீஷ்தான் என் தலையைக் குனிய வைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஜைனம்பு வந்திருந்தாள். உங்கள் தகரப் பெட்டியில் இருந்த காகிதக் கட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "அத்தாவோட ரயில் காகிதமெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை. அங்க எலித் தொல்லை" என்றாள். நீங்கள் கல் ஆபீசுக்காக எழுதிய மனுக்களின் நகல், அதற்கு வந்த ஒன்றிரண்டு பதில், அப்புறம் ஒரு நோட்டு. பாதிக்கு மேல் இங்கிலீஷ். லீவுக்கு வந்த முருகேசனைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாசித்துச் சொல்லப்பா என்றேன். எனக்கு அதிலும் ஒரு பெருமைதான். உங்கள் இங்கிலீஷை என் பேரன் வாசிக்கிறான் என்கிற பெருமை.

அண்ணே, ஜைனம்புவுக்கே மறந்திருக்கும், அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன். ஸ்டேஷனுக்குத் தெற்கே, என் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது கல் ஆபீஸ். நம் ஊருக்கு ரயில் வந்த காலத்தில் முதன்முதலில் கட்டியது. பெரிய ஸ்டேஷன் வந்த பிறகு அதைப் பார்சல் போடவும், பிறகு ஓட்டை விளக்கும் உடைந்த தள்ளுவண்டியும் போடவும் வைத்துக்கொண்டார்கள். நான் கன்னிவாடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தபோது அது எனக்கு ஒரு கறுத்துப்போன கட்டடம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு ரயில்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போட ஆரம்பித்தேன். அப்போதுதான் நீங்கள் பழக்கம். உங்கள் வீட்டில் எல்லாரும் தோல் வியாபாரத்தில் இருக்க, நீங்கள் ஒருவர்தான் ரயிலுக்குப் போனீர்கள். டிக்கெட் கிளார்க்காக முதல் நாள் உட்கார்ந்தது அந்தக் கல் ஆபீஸ் ஜன்னலில். ரிட்டயர் ஆன பிறகும் தினம் அங்கே வந்து படியில் உட்காருவீர்கள். மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. நோன்பு மாதம் மட்டும் தலைகீழ், உங்கள் வீட்டிலிருந்து கஞ்சி எனக்கு வரும்.

அதை இடித்துவிட்டு சரக்கு லாரிகள் திரும்புவதற்குப் பாதை போடப்போகிறார்கள் என்று சேதி வந்தபோது நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காகிதமும் பேனாவுமாக வந்து என் கூடத்தில் உட்கார்ந்தீர்கள். அன்றைக்கு ஆரம்பித்த மனு, மூன்று வருஷம் ஓயவில்லை. ஊரில் சிரித்தவர்கள்தான் அதிகம். கோட்டை இருக்கிறது, கோயில் இருக்கிறது, மசூதி இருக்கிறது, போயும் போயும் பார்சல் குடோனையா காப்பாற்றுவது என்றார்கள். கடைத்தெருவில் ஒருவர் உங்களை நிறுத்தி, "என்ன பாய், அந்தக் கட்டடத்துல பொதையல் எதுவும் கெடக்கா?" என்று கேட்டாராம். "ஆமாப்பா, எங்க நாப்பது வருசம் அதுலதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னீர்கள். எனக்கு அப்போதும் முழுக்க விளங்கவில்லை. உங்களுக்கு வேண்டும் என்றால் எனக்கும் வேண்டும். அந்த மட்டுக்குத்தான்.

ஒருநாள் என்னைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினீர்கள். கல் வெட்டியவன் ஒவ்வொருத்தனும் தன் கல்லில் ஒரு அடையாளம் கீறியிருக்கிறான் பாருங்க தாயி என்றீர்கள். ஒன்றில் மீன், ஒன்றில் பிறை, ஒன்றில் வெறும் மூன்று கோடு. உள்சுவரில் பழனி ரயில் பாதை போட வந்த கூலிக்காரர்கள் ஆணியால் கீறிய பெயர்கள். டிக்கெட் ஜன்னல் பலகை, ஜனங்கள் முழங்கையை ஊன்றி ஊன்றிக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. அதைத் தடவிக் கொடுத்தீர்கள், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. நான் தலையை ஆட்டிவிட்டு, உலையில் அரிசி போட நேரமாயிற்றே என்று வந்துவிட்டேன்.

கடைசியில் மனு பலித்தது. சென்னையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், பழமையான கட்டடம்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் இடிக்க மாட்டார்கள் என்று காகிதம் வந்தது. அதே வாரம்தான் உங்களுக்குத் திருச்சியில் கண் ஆபரேஷன். தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினீர்கள். ஏறும்முன் சொன்னது இதுதான்: "தாயி, அவரு வந்தா கதவத் தெறந்து விடுங்க, அம்புட்டுப் போதும். எதையும் தொட வேண்டாம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அண்ணே, என் பிழைப்பு என்ன? இலையில் சோறு போடுவது. சாப்பிட உட்கார்ந்த எந்த மனுஷனும் முதல் தடவையே போடுங்கள் என்று கேட்டதில்லை. போதும் என்பான், வேண்டாம் என்பான், வயிறு நிறைஞ்சிருச்சு என்பான். அதைக் கேட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டால் அவள் சோறு போடுகிறவளே இல்லை. நீங்களும் அப்படித்தான். போதும் தாயி என்பீர்கள். நான் இன்னொரு கரண்டி வைப்பேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவீர்கள். பத்து வருஷம் அப்படி நடந்திருக்கிறது. அதனால் ரயிலடியில் நீங்கள் சொன்ன 'வேண்டாம்' என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பாவம், நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று கூச்சப்படுகிறார், நாமாகப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ரயில் போன மறுநாளே வெள்ளையடிக்கிற சின்னையாவை வரச் சொன்னேன். அவர் வந்து கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏத்தா, பாய் எதையும் தொட வேண்டாம்னுட்டுல்ல போனாரு?"

"அவரு கூச்சத்துக்குச் சொல்லுவாரு. மெட்ராசுலருந்து ஒரு பெரிய மனுசன் வாராரு. பொண்ணுப் பாக்க வாரவுகளுக்கு முன்னாடி யாராச்சும் தலைய விரிச்சுப் போட்டு உக்காருவாகளா?"

"அது சரித்தான்" என்று சொல்லி வாளியை எடுத்தார்.

தெருப் பொம்பளைகள் அத்தனை பேரையும் திரட்டிவிட்டேன். உள்ளே இருந்த புகைக்கரியைச் செங்கல் வைத்துத் தேய்த்து எடுத்தோம். ஆணிக் கீறல்களைச் சின்னையா காரை வைத்து மட்டமாக அடைத்தார். சுண்ணாம்பில் நீலம் கலந்து உள்ளும் புறமும் மூன்று கை பூச்சு. அடியில் காவிப் பட்டை. அந்த மீனுள்ள கல்லுக்கு முன்னால் அவர் செத்த நேரம் நின்றார். அடிங்க, என்ன யோசனை என்று சொன்னது நான்தான். டிக்கெட் பலகையை இழைத்துச் சமமாக்கி வார்னிஷ் பூசச் சொன்னேன். வாசல் நிலைக்கு மேலே கல்லில் ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் தேய்ந்துபோய் இருந்தது. என் கண்ணுக்கு அது பல் உதிர்ந்த வாய் மாதிரி தெரிந்தது. அதைச் சிமெண்டால் பூசி, அதன் மேல் நீலச் சாயத்தில் 'நல்வரவு' என்று எழுத வைத்தேன். எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது அண்ணே. மாவிலைத் தோரணம், வாசலில் படிக்கோலம். கல்யாண வீடு தோற்றுவிடும்.

அதிகாரி வந்தார். வயசு நாற்பதுக்குள் இருக்கும், நல்ல மனிதர், பந்தா இல்லை. தோளில் தொங்கப்போட்ட பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவர், தோரணத்தைப் பார்த்தார், 'நல்வரவு' பார்த்தார். உள்ளே போய்ச் சுவரைக் கையால் தடவினார். கை வெள்ளையாயிற்று. துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன். சுற்றிவந்து என்னிடம் கேட்டார்:

"பழைய கட்டடம்னு மனு போட்டிருந்தாங்களே, அது எங்கம்மா இருக்கு?"

"இதாங்கய்யா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்று சொல்லி, நான் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டு, நோட்டில் மூன்று வரிக்கு மேல் எழுதாமல் மூடிக்கொண்டு போனார். அன்றைக்குத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மெட்ராஸ் அதிகாரிக்கே கல் ஆபீசின் வயசு தெரியவில்லை, அவ்வளவு எடுப்பாக ஆக்கிவைத்தோம் என்று.

நீங்கள் பத்து நாள் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினீர்கள். ஸ்டேஷனிலிருந்து நேரே அங்கேதான் வந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். கண்ணாடியைக் கழற்றினீர்கள், மறுபடி போட்டீர்கள். நிலைக்கு மேலே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எழுத்து நன்றாக இருக்கிறதா அண்ணே என்று நான் கேட்டேன். கேட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"பளிச்சுனு இருக்கு தாயி" என்றீர்கள்.

அன்றைக்கு மத்தியானம் சுரைக்காய் வெஞ்சனம் வைத்திருந்தேன், உங்களுக்குப் பிடிக்குமே என்று. இரண்டாம் கரண்டி எடுத்து வந்தபோது நீங்கள் போதும் என்று வாயால் சொல்லவில்லை. இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டீர்கள். ஆபரேஷன் ஆன உடம்பு, பசி மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் இடித்தார்கள். அஸ்திவாரம் வலுவாக இருந்ததால் நாலு நாள் ஆயிற்று. வெள்ளையடித்த முகமெல்லாம் உதிர்ந்து விழ, உள்ளே பழைய கல் கறுப்பாக எட்டிப் பார்த்தது. அதற்குள் யார் பார்க்க? நீங்கள் முதல் நாள் மட்டும் வந்து நின்றீர்கள். கல்லையெல்லாம் லாரியில் ஏற்றி ஆத்தூர்ப் பக்கம் ஏதோ கரை கட்டக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். மீன் கீறிய கல் எந்தத் தண்ணிக்கடியில் கிடக்கிறதோ. அப்புறமும் நீங்கள் ஸ்டேஷனில் இஞ்சினுக்குத் தண்ணீர் விடும் பழைய தொட்டிக்காக எழுதினீர்கள், தண்டவாளத் துண்டில் தொங்கிய பழைய மணிக்காக எழுதினீர்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. மணி ஒருநாள் காணாமல் போனது. யார் கழற்றினார்கள் என்று ஸ்டேஷனில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஒருத்தரும் ஆசைப்படவும் இல்லை.

இத்தனைக்கும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நாம் எல்லாம் சரியாகத்தான் செய்தோம், சர்க்கார் காரியம் அப்படித்தான், ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று. நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நீங்களும் ஆமா தாயி, ஆமா தாயி என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஐந்து வருஷம்.

போன மாதம் அந்தக் காகிதக் கட்டுக்குள்ளிருந்து முருகேசன் மெட்ராஸ் அதிகாரியின் பதிலை எடுத்தான். மேடையில் பேசுகிற குரலில் முதலில் இங்கிலீஷில் வாசித்தான், அப்புறம் தமிழில் சொன்னான். 'கட்டடம் அண்மையில் கட்டியதுபோல் தோன்றுகிறது. மனுவில் கண்ட கல் தச்சர் குறிகள், பெயர்கள், வருஷம் பொறித்த நிலைக்கல் எதுவும் நேரில் பார்த்தபோது காணப்படவில்லை. ஆகவே பாதுகாக்கத் தகுதி உள்ளதாகச் சொல்வதற்கில்லை.' அடுத்து உங்கள் நோட்டைப் புரட்டினான். நீங்கள் தமிழில் எழுதி வைத்திருந்ததை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். எந்தச் சுவரில், தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில், எந்தக் குறி என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தீர்கள். நிலைக்கல்லுக்கு நேரே, 'இது ஒன்று அவர் கண்ணில் பட்டால் போதும்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தீர்கள்.

"யாரு அப்பத்தா இத வெள்ளையடிச்சுக் கெடுத்தது? எவனோ வெவரங்கெட்டவன்" என்றான் முருகேசன்.

"தெரியலப்பா" என்றேன். இந்த வயசில் பேரனிடம் பொய்.

அந்தப் பதில் உங்கள் கைக்கு வந்த தேதியை மூலையில் குறித்து வைத்திருந்தீர்கள். கட்டடம் இடிபடும் முன்பே வந்திருக்கிறது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை ஏசியிருக்கலாமே அண்ணே. ஏன்டி இப்படிப் பண்ணினே என்று தெருவில் நின்று கேட்டிருந்தால், நான் அழுது தீர்த்திருப்பேன், மெட்ராசுக்கே போய் அந்த மனுஷன் காலில் விழுந்திருப்பேன், சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக் காட்டியிருப்பேன். நீங்கள் எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்தீர்கள். எனக்கு வலிக்கவில்லைதான். கட்டடம் போயிற்று.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. லாரிகள் அந்த இடத்தில் திரும்புகின்றன. செல்வராணியிடம் இங்கே ஒரு கட்டடம் இருந்தது என்றால், அப்படியா அப்பத்தா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு அது என்ன? எனக்கே அப்போது அது ஒன்றுமில்லையே. உங்கள் நோட்டு இருக்கிறது. ஆனால் கல் இல்லாமல் குறிப்பு மட்டும் இருந்து என்ன ஆகப்போகிறது? யாரிடம் காட்டுவது, எந்தச் சுவரில் வைத்துச் சாண் அளப்பது?

என்னிடம் மிஞ்சியது ஒன்றுதான். இப்போதெல்லாம் யாராவது போதும் என்றால் என் கை அப்படியே நின்றுவிடுகிறது. இன்னொரு கரண்டி வைக்க வரவில்லை. ரயில்காரப் பையன்கள் கேலி செய்கிறார்கள், "என்னாத்தா, ஒரு தடவ வேணாம்னா விட்டுருவியா, மறுக்காக் கேக்க மாட்டியா?" என்று. பாதி வயிற்றோடு எழுந்து போகிறார்களோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் கை போக மாட்டேன் என்கிறது. இந்தக் கையோடுதான் இனி இருக்க வேண்டும்.

ஜைனம்பு, இதுவரைக்கும் உன் அத்தாவுக்கு. இனி உனக்கு. நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி, ஒரு உதவி மட்டும் செய் தாயி. உன் மகள் பாத்திமாவைப் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. என்னிடம் இருக்கும் படத்தில் ஸ்டூடியோக்காரன் அவள் புருவத்துக்கு மேல் உள்ள தழும்பை மை வைத்துத் திருத்தி மறைத்துவிட்டான். அன்றைக்கு அழகாக இருக்கிறது என்றுதான் நானும் சொன்னேன். இந்தத் தடவை திருத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லு. அவன் கேட்க மாட்டான், இரண்டு தடவை சொல்லு. உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அவள் நடை பழகிய வயசில் இங்கே வந்திருந்தபோது கல் ஆபீஸ் படியில் தடுக்கி விழுந்து பட்ட காயம் அது. அந்தக் கட்டடம் போட்ட கோடு இந்தப் பூமியில் இப்போது அது ஒன்றுதான் இருக்கிறது. நன்றாகத் தெரிகிற மாதிரி, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு எடுத்து அனுப்பு.